வெயிட் ஏத்தும்போது வயிறு மட்டும் தள்ளுது: வேஸ்ட் டிரெய்னர் கட்டினா அடங்குமா?

கேள்வி

உயரம் 160 செ.மீ., எடை 44 கிலோ. 52 கிலோவுக்குப் போகணும். சாப்பாட்டைக் கூட்டினா கை, கால் எல்லாம் அப்படியே இருக்கு, வயிறுதான் முதல்ல முன்னாடி வருது. எடை ஏறி முடியுற வரைக்கும் தினம் 8 மணி நேரம் வேஸ்ட் டிரெய்னர், அதான் வயித்தை இறுக்கிப் பிடிக்கிற அகல பெல்ட், கட்டினா வயிறு ஒட்டினபடியே இருக்குமா? இதைக் கட்டுறவங்களைப் பக்கத்துல இருந்து பார்த்தவங்க, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டயட்டீஷியன்

முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். இந்த உயரத்துக்கு 44 கிலோ என்றால் பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 17.2. 18.5-க்குக் கீழே போனாலே எடைக்குறைவுதான். 52 கிலோவில் அது 20.3 ஆகிவிடும். சரியான இலக்கு, விட்டுவிடாதீர்கள்.

ஆனால் எடை ஏற்ற வேண்டியவர் இந்த பெல்ட்டைத் தொடவே கூடாது. வயிற்றை இறுக்கிக் கட்டினால் இரைப்பை விரிய இடம் இருக்காது. நாலு இட்லி சாப்பிடுகிறவருக்கு இரண்டாவது இட்லியிலேயே போதும் போதும் என்று ஆகிவிடும். பெல்ட் கட்டிக்கொண்டு எடை ஏற்றப் பார்க்கிறவர்களின் உணவுக் குறிப்பை வாங்கிப் பார்த்தால் இதுதான் தெரியும்: காலையும் மதியமும் பாதிச் சாப்பாடு, பெல்ட்டைக் கழற்றிய பிறகு ராத்திரி ஒன்பது மணிக்கு மொத்தமாக ஒரு பெரிய சாப்பாடு. எடையும் ஏறாது, காலையில் நெஞ்செரிச்சலோடு எழுந்திருப்பார்கள்.

வயிற்றுக் கொழுப்பைப் பெல்ட் கரைக்குமா என்றால், கரைக்காது. கொழுப்பு செல்லுக்குள் இருப்பது டிரைகிளிசரைடு, அதாவது சேமித்து வைத்த கொழுப்பு. அது உடைந்து, கொழுப்பு அமிலமாக ரத்தத்தில் கலந்து, தசைக்குப் போய் எரிந்தால்தான் குறையும். வெளியிலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் இதில் ஒரு படிகூட நடக்காது. ஸ்வீடனில், மிகக் குறைந்த கலோரி உணவால் எடை குறைத்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கார்செட் (இதே போல இடையை இறுக்கும் உடுப்பு) கொடுத்துச் சோதித்தார்கள். முடிவு 2010-ல் வெளியானது. குறைந்த எடை மறுபடி ஏறுவதை அது தடுக்கவில்லை. பலர் அதைத் தொடர்ந்து கட்டவும் இல்லை.

ஒல்லியாக இருந்தும் வயிறு தள்ளுவது நம் ஊர் உடம்பில் சகஜம். புனே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் இருவரின் படமும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பிஎம்ஐ இருவரையும் ஒன்றாகத்தான் காட்டும். தசை குறைவான உடம்பில் சாப்பாட்டை மட்டும் கூட்டினால், கூடுகிற எடையில் பெரும்பகுதி கொழுப்பாகத்தான் சேரும். அது எங்கே சேரும் என்பதைப் பரம்பரையும் ஹார்மோனும் தீர்மானிக்கின்றன, நாம் அல்ல. தசையாக எவ்வளவு சேரும் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

உள்ளாடைக் கடை நடத்துபவர்

கடைப் பக்கமிருந்து சொல்றேன். இதுல ரெண்டு வகை வருது. லேட்டக்ஸ் ரகத்துல உள்ளே காட்டன், நடுவுல ரப்பர், சுத்திலும் ஸ்டீல் பட்டி, முன்னாடி மூணு வரிசை கொக்கி. நியோப்ரீன் ரகத்துல ஜிப் இல்லாட்டி வெல்க்ரோ, அது வேர்க்க வைக்கத்தான். அரை லிட்டர் வேர்த்தா தராசுல அரை கிலோ குறையும், ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சா திரும்ப வந்துடும்.

திருப்பிக் கொண்டு வர்றதுல அதிகம், ஒரு சைஸ் சின்னதா வாங்கினதுதான். ஸ்டீல் பட்டி வளைஞ்சு விலாவுல குத்தும், கொக்கித் தையல் பிரியும், மேல் ஓரம் சுருண்டு மார்புக்குக் கீழ கயிறு கட்டின மாதிரி இறுக்கும். சுருள்றதுக்குக் காரணம் சுற்றளவு மட்டும் இல்ல, உயரமும்தான். நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு மார்புக்குக் கீழிருந்து தொடை மடிப்பு வரைக்கும் அளங்க. பெல்ட்டோட உயரம் அதைவிட 2–3 செ.மீ. கம்மியா இருக்கணும். நின்னுக்கிட்டு அளந்தா உட்கார்ந்ததும் மடங்கும்.

கல்யாணம், போட்டோஷூட்னு ரெண்டு மணி நேரத்துக்குப் புடவைக்குள்ள வயிறு சமமாத் தெரியணும்னா வாங்குங்க, அதுக்குத்தான் இது. உள்ளே மெல்லிசா ஒரு காட்டன் பனியன், முதல் வரிசைக் கொக்கி மட்டும், ரெண்டு விரல் நுழையணும், முழு மூச்சு இழுக்க முடியணும். பந்தியில உட்கார்றதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. ரப்பர் ஒத்துக்காதவங்களுக்கு லேட்டக்ஸ் வேண்டவே வேண்டாம், தடிச்சுப் போயிடும். மாசக்கணக்குல தினமும் கட்டப் போறேன்னு வந்தா நான் விக்கறதில்ல.

பிசியோதெரபிஸ்ட்

நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் பெல்ட்டைக் கழற்றும்போது கவனித்தால் தெரியும். கொக்கி வரிசை வயிற்றில் ஏணி மாதிரி சிவப்பாகப் பதிந்திருக்கும். அந்த நேரத்தில் டேப் வைத்தால் அளவு நிஜமாகவே குறைந்திருக்கும். தோலடியில் இருந்த நீர் அழுத்தத்தில் ஒதுங்கியிருக்கும், குடலும் மேலும் கீழும் தள்ளப்பட்டிருக்கும். ஏணித் தடம் மறைய மறைய அளவும் பழைய இடத்துக்கே வந்துவிடும். "குறைந்தது" என்று நம்பி மறுநாளும் கட்ட வைப்பது அந்த முதல் அளவுதான்.

வயிற்றுக்குள் ஏற்றிய அழுத்தம் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். மேலே போனால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் இறங்க முடியாது, மூச்சு மேலோட்டமாகும், அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறும். கீழே போனால் சிறுநீர்ப்பையை அடியில் தாங்கும் இடுப்புத்தள தசைகள்மேல் பாரம் விழும், தும்மினால், இருமினால் சிறுநீர் கசிகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி "பெல்ட் கட்டுகிறீர்களா?" என்பதுதான். கீழ் ஓரம் இடுப்பெலும்பின் முன்முனையில் அழுத்தினால், தொடையின் வெளிப்பக்கத்துக்குப் போகும் நரம்பு நசுங்கி, அந்த இடம் மரத்துப்போகும், எரியும். பேன்ட் பாக்கெட் இருக்கும் இடம் எரிகிறது என்று சொன்னால் இதைச் சந்தேகிக்க வேண்டும். பெல்ட்டை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

வயிறு தள்ளித் தெரிவதெல்லாம் கொழுப்பும் இல்லை. இரண்டு சோதனை வீட்டிலேயே செய்யலாம்.

சுவரில் தலை, மேல்முதுகு, பின்புறம் மூன்றும் படும்படி சாய்ந்து நில்லுங்கள், குதிகால் சுவரிலிருந்து சற்று விலகியிருக்கட்டும். கீழ்முதுகுக்குப் பின்னால் உள்ளங்கை தட்டையாக நுழைந்தால் சரி. மடக்கிய முஷ்டியே தாராளமாக நுழைகிறது என்றால், இடுப்புக்கூடு முன்பக்கமாகக் கவிழ்ந்திருக்கிறது. அப்போது குடல் முன்னால் வந்து நிற்கும், தொப்பையே இல்லாதவருக்கும் தொப்பை மாதிரித் தெரியும்.

அடுத்தது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தொப்புளுக்கு மேலே விரல் நுனிகளைக் குறுக்காக வைத்துத் தலையை மட்டும் தூக்குங்கள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் தெரிந்தால் வயிற்றுத் தசைகள் விலகியிருக்கின்றன. பிரசவம் ஆனவர்களிடம் அதிகம் பார்ப்பது இது. அந்த நிலையில் சிட்-அப் செய்தால் நடு வயிறு கூரை மாதிரி எழும்பும். நேரில் காட்டிப் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொரு உறுப்பினர்

பிரசவமானதும் பழைய வேட்டித் துணியால வயித்தைச் சுத்திக் கட்டுவாங்களே, அப்போ வயிறு உள்ளே போகுதே. அது மட்டும் எப்படி?

பிரசவ வார்டு நர்ஸ்

அந்த வயிறு உள்ளே போவதற்குக் காரணம் கர்ப்பப்பை. குழந்தை பிறந்த அன்று அது தொப்புள் உயரத்தில் இருக்கும். ஒவ்வொரு நாளும் சுமார் ஒரு விரற்கடை இறங்கி, இரண்டு வாரத்துக்குள் இடுப்பெலும்புக்குள் போய்விடும். ஆறு வாரத்தில் கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வரும். தாய்ப்பால் கொடுக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் அதைச் சுருங்க வைக்கிறது. துணி கட்டாத தாய்க்கும் இதே கணக்கில் இறங்கும். சிசேரியன் ஆனவர்களுக்குக் கட்டும் பைண்டர் என்ற வயிற்றுப் பட்டை வேறு விஷயம்: எழுந்து நடக்க, இரும, தையல் இழுக்காமல் தாங்கிப் பிடிக்கும், வலி குறையும். அதையும் நடக்கிற நேரத்தில் கட்டிவிட்டு, படுக்கும்போது கழற்றச் சொல்கிறோம். வயிறு கட்டிய பாட்டிமார் தாயைத் தாங்கத்தான் கட்டினார்கள். அந்தத் துணிக்கும் ஸ்டீல் பட்டி பெல்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

ஜிம் டிரெய்னர்

தங்கச்சி, வயிறு ஒல்லியாத் தெரியறதும் வயிறு ஒல்லியா இருக்கறதும் ஒண்ணு இல்ல. ஒரு கணக்கு சொல்றேன். வயிற்றுச் சுற்றளவு 68, பின்புறச் சுற்றளவு 86 செ.மீ. இருக்கறவங்களுக்கு விகிதம் 0.79. எடை கூடி வயிறு 71, பின்புறம் 93 ஆனா விகிதம் 0.76. வயிறு 3 செ.மீ. கூடியிருக்கு, ஆனா இடை மெலிஞ்ச மாதிரித் தெரியும். தோளும் முதுகும் கொஞ்சம் விரிஞ்சா இன்னும் நல்லாத் தெரியும். 8 கிலோ ஏத்திட்டு வயித்துல ஒரு செ.மீ.கூட ஏறக்கூடாதுன்னு எதிர்பார்க்காதீங்க, அது நடக்காது.

வாரத்துக்கு மூணு நாள், நடுவுல ஒரு நாள் இடைவெளி விட்டுச் செய்யுங்க. டம்பெல்லை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு ஸ்குவாட், ரொமேனியன் டெட்லிஃப்ட் (முதுகு நேரா, இடுப்புல மடங்கி எழும்பறது), ஹிப் திரஸ்ட் (மேல்முதுகை பெஞ்ச்ல சாய்ச்சு இடுப்பைத் தூக்கறது), ஒரு கை ரோ (குனிஞ்சு டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுக்கறது), தலைக்கு மேல பிரஸ். ஒவ்வொண்ணும் 3 செட், செட்டுக்கு 8–12 தடவை. கடைசி ரெண்டு தடவை கஷ்டமா இருக்கணும், ஆனா ஃபார்ம் கலையக் கூடாது. மூணு செட்லயும் 12 வந்துட்டா அடுத்த தடவை 1–2 கிலோ கூட்டுங்க. எடையைக் கூட்டாம அதே 3 கிலோ டம்பெல்லோட ஆறு மாசம் ஓட்டறதுதான் இங்க நடக்கிற பெரிய தப்பு. தசைக்கு வளர வேண்டிய அவசியமே வரலைன்னா, சாப்பிட்டது வயித்துக்குத்தான் போகும்.

கடைசியா வயித்துக்கு: டெட் பக் (மல்லாந்து படுத்துக் கை காலைத் தூக்கி, எதிரெதிர் கையையும் காலையும் நீட்டி மடக்கறது) பக்கத்துக்கு 8, பிளாங்க் (முழங்கை, கால் விரல்ல உடம்பை நேரா நிறுத்தறது) 30 விநாடி மூணு தடவை. டெட் பக்ல கீழ்முதுகு தரையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினா காலை அவ்வளவு தூரம் நீட்டாதீங்க.

வேஸ்ட் டிரெய்னரோட ஸ்குவாட் பண்றவங்களைத் தினமும் நிறுத்த வேண்டியிருக்கு. எடை தூக்கும்போது மூச்சை இழுத்து வயித்தைச் சுத்திலும் விரிச்சு இறுக்கணும், அதுதான் முதுகெலும்புக்குக் காவல். பெல்ட் விரிய விடாது. மூச்சு நெஞ்சுல நிக்கும், தலை சுத்தும். பவர்லிஃப்டிங் பெல்ட்டைக் காட்டி "அவங்க மட்டும் கட்டலாமா"ன்னு கேப்பாங்க. அது 10 செ.மீ. அகலத் தோல் பெல்ட், வயிறு அதுமேல முட்டித் தள்றதுக்காகக் கட்டறது. கனமான செட் முடிஞ்ச உடனே தளர்த்திடுவாங்க.

கேள்வி கேட்டவர்

பெல்ட் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். காலைல வயிறு தட்டையா இருக்கு, ராத்திரி பார்த்தா நாலு மாசம் மாதிரி. இதுவும் கொழுப்பா?

டயட்டீஷியன்

இல்லை. கொழுப்பு ஒரே பகலில் வந்து போகாது. இது உப்புசம். காலையில் வெறும் வயிற்றில், சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரியும் அளங்கள். இரண்டுக்கும் இடையில் ஐந்தாறு செ.மீ. வித்தியாசம் வந்தால் குற்றவாளி சாப்பாட்டு முறை. எடை ஏற்றுகிற கணக்குக்குக் காலை அளவை மட்டும் எடுங்கள், வாரம் ஒரு முறை போதும்.

அடிக்கடி பார்க்கும் காரணம், எடை ஏற்ற விற்கும் மாஸ் கெய்னர் பவுடர். பெரிய அளவில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி, அதை அரை லிட்டர் பாலில் கலக்கி ஒரே மூச்சில் குடிப்பது. குடல் ஊதாமல் என்ன செய்யும்? பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தயிருக்கு மாறலாம். சுண்டல், ராஜ்மா எல்லாம் எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவிடுங்கள். முதல் வாரம் கால் கப், பிறகு அரை கப் என்று ஏற்றுங்கள். மூன்று நாளாக மலம் போகாமல் இருந்தாலும் வயிறு இப்படித்தான் நிற்கும்.

உங்களுக்கு இப்போது சாப்பிடுவதற்கு மேல் நாளுக்கு 300 கலோரி போதும். ஒரு கைப்பிடி, 30 கிராம் வேர்க்கடலையில் சுமார் 170. 200 மில்லி டோன்டு பாலில் சுமார் 120. அவ்வளவுதான் வேண்டும். மாதம் ஒரு கிலோ ஏறினால் நல்ல வேகம். அவசரப்பட்டு 1000 கலோரி ஏற்றுகிறவர்களுக்குத்தான் வயிறு முந்துகிறது, தசை அவ்வளவு வேகத்தில் வளராது.

புரதம் கிலோவுக்கு 1.6 கிராம் வைத்தால் உங்களுக்கு 70 கிராம். காலையில் நாலு இட்லி, சாம்பார், இரண்டு முட்டை: 24 கிராம் வரும். வேர்க்கடலை 7, மதியம் ஒரு கப் வெந்த சுண்டல் 13, தயிர் 5, மாலையில் பால் 6, இரவு மூன்று சப்பாத்தியோடு 75 கிராம் பன்னீர் 22. கூட்டினால் 77. அசைவம் சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் சுலபம். இதை ஐந்து வேளையாகப் பிரியுங்கள், ஒவ்வொரு வேளையும் அளவு சிறிதாக இருந்தால் ராத்திரி வயிறு அடங்கும்.

இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். தூக்கும் எடை கூடாமல் காலை அளவு மட்டும் 3 செ.மீ.க்கு மேல் ஏறியிருந்தால் 150 கலோரியைக் குறையுங்கள், பாலை விடாமல் சோற்றில் குறையுங்கள். காலையிலேயே வயிறு கெட்டியாக இருப்பது, சாப்பிடாமலே தள்ளிக்கொண்டு வருவது, மாதவிடாய் தாறுமாறாவது, கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள். சினைப்பைக் கட்டியா, ஃபைப்ராய்டா (கர்ப்பப்பை நார்க்கட்டி), நீர் சேர்ந்திருக்கிறதா என்பதை ஒரு ஸ்கேனில் பார்த்துவிடலாம். பெல்ட்டை இறுக்கி இதையெல்லாம் மாதக்கணக்கில் மறைத்துவிட்டுத் தாமதமாக வருகிறவர்களும் உண்டு.