குன்னூரில் பங்களா சாமான் விற்பனை: முதல் தடவை போகிறேன், எப்படி நடந்துகொள்வது?

புதுக்குடித்தனம்:
வணக்கம். திருப்பூரிலிருந்து குன்னூருக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. வாடகை வீடு, உள்ளே ஒரு கட்டிலும் காஸ் அடுப்பும்தான். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்கிறார்கள். அங்கே இருக்கும் பெரியம்மா மகளோடு பெங்களூரு போகிறாராம், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டிலேயே வைத்து எல்லாவற்றையும் விற்கிறார்கள் என்று பால்காரர் சொன்னார். இந்த மாதிரி விற்பனைக்கு நான் போனதே இல்லை. பேரம் பேசலாமா, பேசினால் தப்பாக நினைப்பார்களா? கடை என்றால் பாதி விலைக்குக் கேட்டுப் பழகிய வாய் எனக்கு. வேண்டியது ஒரு சாப்பாட்டு மேசை, சமையலறைக்கு அலமாரி, முடிந்தால் தையல் மெஷின். துபாயில் இருக்கும் தம்பி வேறு "பழைய சுவர்க்கடிகாரம் கிடைத்தால் எனக்கு அனுப்பு" என்கிறான். மேசை கிடைத்தால் தூக்கி வர வண்டிக்கும் வழி சொல்லுங்கள்.

தகரப்பெட்டி:
வாங்க, நம்ம ஊருக்கு வந்துவிட்டீர்கள், இந்த நோய் தொற்றாமல் இருக்காது. நான் கோத்தகிரி, இருபது வருடமாக இந்த வேலைதான்.

முதலில் உங்கள் வீட்டு வாசலை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். சிரிக்காதீர்கள். நான் ஒரு தேக்கு பீரோவை ஆசையாக வாங்கி வந்து, அது எங்கள் மாடிப்படியில் திரும்பவே இல்லை, இரண்டு மாதம் வராந்தாவில் தார்ப்பாய்க்குள் நின்று, கடைசியில் கீழ்வீட்டுக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். அவர் வீட்டில் இன்னும் ஜம்மென்று நிற்கிறது, போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. ஆகவே இன்ச் டேப், கூடவே டார்ச், ஒரு சின்னக் காந்தம். பித்தளை என்று சொல்வதில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம்தான்.

ஈட்டி மரமா தேக்கா என்பதெல்லாம் அப்புறம், உளுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இழுப்பறையை முழுக்க வெளியே உருவி அடிப்பக்கத்தில் டார்ச் அடியுங்கள். ஊசி முனை அளவில் ஓட்டைகள் இருப்பது பயப்படும் விஷயமில்லை, பழையதாக இருக்கலாம். ஆனால் லேசாகத் தட்டினால் மைதா மாதிரி வெளுத்த தூள் புதிதாகக் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே குடியிருக்கிறது, மற்ற சாமானுக்கும் பரவும், விட்டுவிடுங்கள். மேசைக் கால்களின் அடியைச் சாவியால் அழுத்திப் பாருங்கள், வருடக்கணக்காக ஈரத்துணி போட்டுத் துடைத்த தரையில் நின்றவை அங்கேதான் மெத்தென்று ஆகியிருக்கும்.

ஸ்பூன், டீ பாத்திரத்தின் அடியில் ஈ.பி.என்.எஸ். என்று பொறித்திருந்தால் அது வெள்ளி இல்லை, வெள்ளி முலாம். அந்த விலைக்கு மட்டும் கொடுங்கள். பீங்கான் தட்டை விரல் நுனியில் தாங்கிச் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொட்டையாகக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். தையல் மெஷினில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், எண்ணெய் காய்ந்து இறுகியிருந்தால் நாலு நாளில் சரியாகும், உள்ளே கடகடவென்றால் வேண்டாம்.

மழைக்குருவி:
தகரப்பெட்டி அண்ணன் சாமானைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் விற்ற பக்கத்திலிருந்து சொல்கிறேன் அக்கா, ஏனென்றால் அப்பா இறந்தபிறகு எஸ்டேட் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது எங்கள் வீட்டில் நடந்தது இன்னும் உறுத்துகிறது.

பத்து மணி என்று சொல்லியிருந்தோம், ஏழரைக்கே கதவைத் தட்டினார்கள், அம்மா அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் அப்பா உட்கார்ந்த நாற்காலியைக் காலால் தள்ளிப் பார்த்து "இது விறகுக்குத்தான் ஆகும்" என்றார், அம்மா பக்கத்திலேயே நிற்கிறார். விலையைக் குறைக்க அப்படிச் சொல்வார்களாம், அப்புறம் அதையேதான் வாங்கிக்கொண்டு போனார். இன்னொருவர் சாத்தியிருந்த படுக்கையறைக்குள் போய் பீரோவைத் திறந்துவிட்டார். பேரம் பேசியதில் எங்களுக்கு வருத்தமே இல்லை. "எனக்குக் கட்டுப்படியாகாதுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள், அவர்கள் முகம் இன்றும் நல்லபடியாக ஞாபகம் இருக்கிறது.

பேரத்தைப் பெரியம்மாவிடம் பேசாதீர்கள், மகளிடம் தனியாகப் பேசுங்கள். வந்ததும் பேசாமல், மூன்று நாலு சாமானை எடுத்து வைத்து "எல்லாம் சேர்த்து ஒரு விலை சொல்லுங்க" என்றால் அவர்களே குறைப்பார்கள். மதியம் மூன்றுக்கு மேல் இன்னும் குறையும், ஆனால் நல்லது போயிருக்கும். வேண்டியதைப் பார்த்தவுடன் கொஞ்சம் முன்பணம் கொடுத்துப் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள், வாயால் "எனக்கு வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனால் நிற்காது. ரொக்கமாகக் கொண்டுபோங்கள், மூடுபனியில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். "ஏன் விக்கறீங்க" என்று மட்டும் கேட்காதீர்கள்.

கற்பூரமரம்:
இரண்டு விஷயம். பழைய பங்களா என்றால் சுவரில் மான் கொம்பு, காட்டெருமைத் தலை மாட்டியிருக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவதும் குற்றம், விற்பதும் குற்றம். தாத்தா காலத்தது என்றாலும் அதேதான். சும்மா கொடுத்தாலும் கைநீட்டாதீர்கள், உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு வரும். யானைத் தந்தப் பிடி போட்ட கத்தி, பியானோ கட்டையும் இந்தக் கணக்கில்தான்.

அப்புறம் துபாய்க் கடிகாரம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை நாட்டை விட்டு அனுப்பத் தடை இருக்கிறது, இது வேறு சட்டம், பழம்பொருள் சட்டம், அதுவும் 1972-இல் வந்ததுதான். தம்பியை லீவுக்கு வரும்போது இங்கேயே பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

குட்டியானை:
மேசைக்கு உள்ளூர் டாடா ஏஸ் பிடியுங்கள், தூக்க இரண்டு ஆள், போர்வை, கயிறு. மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி கூப்பிட்டால் இ-பாஸ், அதாவது நீலகிரிக்கு வர இணையத்தில் எடுக்கும் அனுமதிச்சீட்டு, எடுக்கச் சொல்லுங்கள், 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கு அது இல்லாமல் மேலே விடுவதில்லை. பிரிட்ஜ், ஹீட்டர், குழந்தைகள் சைக்கிள் வேண்டுமென்றால் ஏப்ரல் வரை பொறுங்கள். பக்கத்து வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜில் அப்போது படிப்பு முடிந்து அதிகாரிகள் குடும்பங்கள் மாற்றலாகிப் போகும், கொடுத்துவிட்டுப் போவதுதான் அவர்களுக்கும் சுலபம்.

புதுக்குடித்தனம்:
போய்விட்டு வந்தேன். மேசை கிடைக்கவில்லை. நான் டேப்பை விரித்து அளந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் பணத்தைக் கொடுத்துவிட்டார், மழைக்குருவி சொன்னதை மறந்தது என் தப்பு. ஆனால் கம்பிவலை போட்ட ஒரு அலமாரி கிடைத்தது, நாலு காலுக்கும் நாலு பீங்கான் கிண்ணம், எறும்பு ஏறாமல் அதில் தண்ணீர் ஊற்றி வைப்பார்களாம். ஹாலில் கொம்பு இருந்தது, பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

தையல் மெஷினும் கிடைத்தது. இழுப்பறையை உருவியபோது பாபின்களுக்கு அடியில் ஒரு பள்ளிக்கூட போட்டோ, இரட்டைச் சடையோடு. மகளிடம் கொடுத்தேன், அவர் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். பெரியம்மா மட்டும் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து நூல் கோர்க்கச் சொல்லிக்கொடுத்தார். "ஜூன் மாச ஈரத்துக்கு இந்தத் தோல் பெல்ட் தொய்ஞ்சு போயிடும் கண்ணு, ஒரு விரக்கடை வெட்டிட்டுத் திரும்ப கொக்கி போட்டுக்கோ" என்றார். பேரம் பேச வாயே வரவில்லை, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டேன்.

பெல்ட் ஏற்கெனவே இரண்டு இடத்தில் வெடித்திருக்கிறது. குன்னூர் மார்க்கெட் பக்கம் இது எந்தக் கடையில் கிடைக்கும்?