பாவித்த பிராடோவா, மொண்டேரோவா? ஏழு பேரும் ஒரு படகும்

கல்லடிவாசி:
வீட்டில் நாங்கள் ஏழு பேர்: நானும் மனைவியும், மூன்று பிள்ளைகளும், என் பெற்றோரும். கண்டியிலுள்ள அக்கா வீட்டிற்குச் செங்கலடி, மகாஓயா, மகியங்கனை வழியாக அடிக்கடி போய் வருகிறோம். அதைவிட, அவுட்போட் எஞ்சின் பூட்டிய பைபர் படகொன்றை ட்ரெய்லரில் ஏற்றி வாவிக்கரைக்கும், சில வேளைகளில் வாழைச்சேனைப் பக்கமும் இழுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து விலை இறங்கட்டும் என்று பொறுத்திருந்தேன். இனியும் பொறுக்க விருப்பமில்லை. டொயோட்டாவின் 120 வகைப் பிராடோ, மிட்சுபிஷியின் 3.2 லீற்றர் டீசல் மொண்டேரோ ஆகிய இரண்டு ஜீப்களில் எதைத் தேடலாம்? இழுக்கும் திறன் எதற்கு அதிகம்?

கல்முனை கராஜ்:
இழுக்கும் திறனைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. பிரேக் பூட்டிய ட்ரெய்லர் என்றால் இரண்டுமே 2,500 கிலோவை இழுக்கக்கூடியவை. உங்கள் படகு அதில் பாதிகூட வராது. முதலில் நிரம்புவது வாகனத்தின் ஏற்றுதிறன். இந்த வகை வாகனங்களில் அது பெரும்பாலும் 600 முதல் 700 கிலோ வரைதான். பெரியவர்கள் நால்வருக்கு 280 கிலோ, பிள்ளைகளுக்கு நூறு, பயணப் பைகளுக்கு எண்பது என்று வையுங்கள். ட்ரெய்லரின் முன்முனை கொக்கியின் மேல் அழுத்தும் பாரம், அதாவது ட்ரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, இதே கணக்கில்தான் சேரும். முன்னால் இரும்பு பம்பர், கூரையில் கரியர், பின்னால் கொக்கிச் சட்டம் என்று முந்திய உரிமையாளர் பூட்டி வைத்திருந்தால், மிச்சம் எதுவும் இராது. ஆகவே அறுவடைக் காலம் அல்லாத நாளொன்றில் நெல் ஆலையொன்றின் நிறுவைத் தட்டில் படகையும் ட்ரெய்லரையும், எஞ்சின், எண்ணெய், வலை எல்லாம் சேர்த்து, நிறுத்துப் பாருங்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை, பிராடோவின் 3.0 லீற்றர் டீசலில், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வளையம் கசிவது பலரும் அறிந்த குறை. கசிந்தால் எரிந்த புகை எஞ்சின் எண்ணெய்க்குள் இறங்கி, கரி படிந்து, எண்ணெயை உறிஞ்சும் வடிகட்டி அடைபடும். எண்ணெய் மேலே ஏறாமல் எஞ்சினே போய்விடும். வளையங்கள் மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். 2.7 லீற்றர் பெற்றோல் பிராடோவைப் படகுக்காக வாங்க வேண்டாம். எஞ்சின் நீடித்து உழைக்கும், ஆனால் பாரத்தோடு ஏற்றத்தில் திணறும்.

அக்கரைப்பற்றான்:
கராஜ்காரர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் குடும்பத்துக்கு நான் மொண்டேரோவையே சொல்வேன். 120 பிராடோவின் மூன்றாம் வரிசை இருக்கைகள் பக்கவாட்டில் மடிந்து தொங்குவதால் பொருள் வைக்கும் இடத்தை விழுங்கிவிடும். மொண்டேரோவில் அது தரைக்குள் இறங்கிவிடும். அதே நேரம், ஏழு பேரும் அமர்ந்துவிட்டால் எந்த வாகனத்திலும் பின்னால் அரிசிப் பை ஒன்று வைக்கத்தான் இடம் இருக்கும். இரண்டின் பின்கதவும் பக்கவாட்டில் திறப்பவை என்பதையும் கவனியுங்கள்: ட்ரெய்லரைக் கொழுவிய பிறகு அதன் முன்சக்கரம் கதவை மறிக்கலாம். இதை வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மகியங்கனை-கண்டி வீதியின் பதினெட்டு வளைவில் இறங்கும்போது ஓட்டோ கியரை D இல் விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது, கீழ்க் கியரில் இறங்குங்கள். வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கையில் இப்படிக் கியரை மாற்றிப் பார்க்க விற்பவர் தயங்கினால் அந்த வாகனம் வேண்டாம்.

கல்லடிவாசி:
ஆலையில் நிறுத்தேன். எல்லாம் சேர்த்து 810 கிலோ வந்தது. ட்ரெய்லரில் பிரேக் கிடையாது.

கல்முனை கராஜ்:
அப்படியானால் வாகனத்தைவிட முதலில் ட்ரெய்லருக்குச் செலவழியுங்கள். பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு இந்த வாகனங்களின் உற்பத்தியாளர்கள் வைக்கும் எல்லை 750 கிலோ. வாகனம் வேகத்தைக் குறைக்கும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளும் விசையால் இயங்கும் பிரேக் பூட்டுவித்து, உப்புநீரில் இறக்கிய ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் டிரம்களைக் கழுவி விடுங்கள்; இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்துக்குள்ளேயே இறுகிவிடும். கடற்கரைப் பக்கத்து வாகனத்தை வாங்கும்போதும் இதே உப்புத்தான் பிரச்சினை. லிப்ட்டில் ஏற்றி, பின் அச்சுக்கு மேலுள்ள சேசிஸ் பகுதியையும் பிரேக் குழாய்களையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். புதிதாகக் கறுப்புப் பூச்சுப் பூசியிருந்தால், ஏன் பூசினார்கள் என்று கேட்பதில் தவறில்லை. பிராடோவில் ஏணி போன்ற தனிச் சட்டம் இருப்பதால் துருப்பிடித்த இடத்தைத் தேடுவதும் திருத்துவதும் எளிது. மொண்டேரோவில் சட்டமும் உடலும் ஒன்றாக இணைந்திருப்பதால் துரு உள்ளே ஓடினால் வேலை பெரிது. இந்த ஒரு காரணத்தால் உங்கள் தேவைக்குப் பிராடோவை முதலில் பார்ப்பேன்.

அக்கரைப்பற்றான்:
அதில் மறுப்பில்லை. வாகனம் பிடித்தாலும் பதிவுச் சான்றிதழைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், மிச்சக் கடன் தீர்ந்த கடிதத்தை விற்பவர் கொண்டுவந்த பின்னரே பேச்சைத் தொடருங்கள்.