சென்னை டூ செங்கோட்டை, மே மாசம், பழைய 150 சிசி: ஹைவேல வண்டி தானா நின்னுடுது, உதவி பண்ணுங்க

பெரம்பூர்150:

எல்லாருக்கும் வணக்கம். மே ரெண்டாவது வாரம் நானும் தம்பியும் பெரம்பூர்ல இருந்து செங்கோட்டைக்கு பைக்ல போறதா இருக்கோம். அப்பா பொதிகை ரயில்ல வந்து அங்க எங்களோட சேர்ந்துக்குவார். அவர் 1954-ல செங்கோட்டையில பிறந்தவர். அப்ப அந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்துச்சு, 1956 நவம்பர் 1-ம் தேதிதான் சென்னை மாநிலத்தோட சேர்ந்தது. அவரோட பிறப்புப் பத்திரம் இன்னைக்கும் மலையாளத்துலதான் இருக்கு. ஊருக்குப் போய் இருபது வருஷம் ஆச்சு. மலைப்பாதை வழியா கேரளா பக்கம் இருக்கிற ஆரியங்காவு வரைக்கும் என் பின்னாடி உக்காந்து ஒரு தடவை போகணும்னு சொல்லிட்டே இருக்கார். அதனாலதான் பைக்.

பிரச்சினை என்னன்னா, வண்டி 2011 மாடல், கார்புரேட்டர், ஏர் கூல்டு. சிட்டிக்குள்ள ஒரு குறையும் இல்ல. பெரம்பூர் டு கிண்டி தினமும் ஓடுது. ஆனா ஜிஎஸ்டி ரோட்ல 60, 65 ஸ்பீடுல நிக்காம ஒரு மணி நேரம் ஓட்டினா, ரிசர்வ் விழுந்த மாதிரி திணறித் திணறி அணைஞ்சிடுது. டேங்க்ல பாதிக்கு மேல பெட்ரோல் இருக்கும். ஓரமா நிறுத்தி பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் பிளக், பிளக் கேப் மாத்தி, கார்புரேட்டர் கழட்டிக் கழுவி 1,850 ரூபாய் வாங்கினார். மறுபடி அதே கதை. இப்ப சிடிஐ, அதான் ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்துற எலக்ட்ரானிக் பெட்டி, அதை மாத்தணும்னு சொல்றார். மாத்தலாமா? இந்த வண்டிய நம்பி 620 கிலோமீட்டர் போகலாமா?

ஜிஎஸ்டி_சிங்கம்:

வெயில்தான் ப்ரோ காரணம். கத்திரில ஏர் கூல்டு வண்டி எல்லாம் இப்படித்தான். நின்ன உடனே எஞ்சின் மேல ஒரு பாட்டில் தண்ணி ஊத்துங்க, ஆறிடும்.

பழைய_கார்புரேட்டர்:

தண்ணி ஊத்தாதீங்க தம்பி. கொதிக்கிற சிலிண்டர்ல பச்சத் தண்ணி பட்டா விரிசல் விழ வாய்ப்பு இருக்கு. சிடிஐக்கும் இப்பவே காசு போட வேண்டாம். முதல்ல ஒரு கேள்விக்கு நல்லா யோசிச்சு பதில் சொல்லுங்க. வெயில் இல்லாத நேரத்துல, விடியக்காலைல, இப்படி எப்பவாவது நின்னிருக்கா?

பெரம்பூர்150:

நீங்க கேட்ட பிறகுதான் ஞாபகம் வருது சார். பொங்கல் லீவுல பாண்டிக்குப் போனப்ப, மாமல்லபுரத்துல டீ குடிச்சிட்டுக் கிளம்பி, கடப்பாக்கம் தாண்டி நின்னுச்சு. காலைல ஏழு மணி கூட ஆகல, பனி விலகாம இருந்துச்சு. அன்னைக்கு பெட்ரோல்ல கலப்படம்னு நினைச்சு விட்டுட்டேன்.

பழைய_கார்புரேட்டர்:

அப்ப வெயில விட்டுடுங்க. எனக்கு டேங்க் மூடி மேலதான் சந்தேகம்.

உங்க வண்டில பெட்ரோலுக்கு பம்ப் கிடையாது. டேங்க்ல இருந்து கார்புரேட்டருக்கு தானா இறங்கணும். எண்ணெய் டின்ல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்துப் பாருங்க, குடுக் குடுக்குனு நின்னு நின்னு வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டா தாராளமா ஊத்தும். டேங்க் மூடியில இருக்கிற பொடி ஓட்டைதான் அந்த ரெண்டாவது ஓட்டை. பெட்ரோல் எவ்வளவு இறங்குதோ அவ்வளவு காத்து அது வழியா உள்ள போகணும். லிட்டருக்கு 45 குடுக்கிற வண்டி 65-ல போனா மணிக்கு ஒன்றரை லிட்டர் கிட்ட குடிக்கும். ஓட்டை முக்கால்வாசி அடைச்சிருந்தா அந்த அளவு காத்து உள்ள போகாது. டேங்க்குக்குள்ள வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைப் பிடிச்சு நிறுத்தும், கார்புரேட்டர் காலியாகும், வண்டி திணறி நிக்கும். பதினஞ்சு நிமிஷம் விட்டா காத்து மெதுவா கசிஞ்சு உள்ள போயிடும், திரும்ப ஓடும். சிட்டில சிக்னலுக்கு சிக்னல் நிக்கிறதால உங்களுக்கு இது தெரியவே தெரியாது. மாமல்லபுரத்து டீயும் அப்படித்தான், அது வரைக்கும் சேர்ந்த வெற்றிடம் அங்க தீர்ந்துபோச்சு.

சோதனை இதுதான். அடுத்த தடவை நின்னதும் காத்திருக்காதீங்க. உடனே சாவி போட்டு டேங்க் மூடியைத் திறங்க, காதைக் கிட்ட வெச்சுக் கேளுங்க. புஸ்ஸுனு காத்து உள்ள இழுக்குற சத்தம் வந்து, ஒரு நிமிஷத்துல வண்டி ஸ்டார்ட் ஆச்சுன்னா மூடிதான் காரணம்.

சத்தமும் வரல, ஸ்டார்ட்டும் ஆகலன்னா, கார்புரேட்டர் அடியில இருக்கிற வடிகால் ஸ்க்ரூவை அரைச் சுத்து லூஸ் பண்ணுங்க. பெட்ரோல் விடாம ஓடணும். கொஞ்சம் ஓடி சொட்டுச் சொட்டா மாறினா டேங்க் துருவோ, பெட்ரோல் டேப்ல இருக்கிற வலையோ அடைச்சிருக்கு. தாராளமா ஓடினா ஸ்க்ரூவை டைட் பண்ணிட்டு, சிந்துன பெட்ரோலைத் துடைச்சு, நல்லா காய விட்டு, அப்புறமா பிளக்கைக் கழட்டி எஞ்சின்ல தொட்டு ஸ்பார்க் பாருங்க. அவசரப்பட்டு ஈரத்தோட பார்த்தா தீப்பிடிக்கும். சூடா இருக்கும்போது ஸ்பார்க் இல்லாம, ஆறின பிறகு வந்தா மட்டும்தான் சிடிஐ, காயில் பக்கம் போகணும். சோதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பொருளும் வாங்காதீங்க.

மாதவரம்_மணி:

என் அண்ணன் வண்டிலயும் இதேதான். ஆனா அதுல வால்வ் கிளியரன்ஸ், அதான் வால்வுக்கு விடுற பொடி இடைவெளி, ரொம்ப டைட். சூடானா வால்வ் முழுசா மூடாம கம்ப்ரஷன் போயிடும். டூர் போறதுக்கு முன்னாடி அதையும் பார்த்துடுங்க. எஞ்சின் ராத்திரி பூரா ஆறின பிறகு காலைலதான் அளக்கணும், சூட்டுல அளந்தா கணக்கு தப்பும்.

ஊரப்பாக்கம்_ரைடர்:

வண்டி ஒரு பக்கம், ரோடு ஒரு பக்கம். போன வருஷம் மே மாசம் இதே ரூட்ல போனதால சொல்றேன். 620-ஐ ஒரே நாள்ல முடிக்க நினைக்காதீங்க. காலை நாலு மணிக்குக் கிளம்பினா பத்தரை, பதினோரு மணிக்கு திருச்சி. 330 கிலோமீட்டர்தான். அங்கேயே ரூம் போட்டுப் படுத்துடுங்க. உளுந்தூர்பேட்டைல இருந்து பெரம்பலூர் வரைக்கும் நிழலே கிடையாது, அந்தப் பகுதிய ஒன்பதரைக்கு முன்னாடி தாண்டிடணும். மறுநாள் திரும்ப நாலு மணிக்குக் கிளம்பி மதுரை, திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. திருமங்கலத்துல இருந்து நேரா கொல்லம் போற 744 அது. மதுரைக்கு அப்புறம் நாலு மணி நேரம் வெச்சுக்கோங்க, வரிசையா ஊர் வரும், பள்ளிக்கூட லீவுங்கிறதால பசங்க ரோட்ல விளையாடுவாங்க.

டூவீலருக்கு டோல் இல்ல. டேங்க் மேல நெட் வெச்சு ரெண்டு லிட்டர் தண்ணி, அதுல ஓஆர்எஸ். பருத்தி பனியனை நனைச்சுப் போட்டுக்கிட்டு மேல முழுக்கை சட்டை போடுங்க, ஒரு மணி நேரம் தாங்கும். வேர்வை நின்னு உடம்பு காய்ஞ்சு தலை சுத்தினா அது வெப்பத் தாக்குதல், உடனே நிழலுக்குப் போய் உடம்பை நனைங்க, தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. எனக்கு விராலிமலை கிட்ட அப்படி ஆகி, ஒரு நுங்கு விக்கிற அம்மா கீத்துக் கொட்டாயில ரெண்டு மணி நேரம் படுக்க வெச்சாங்க. அவங்க மட்டும் இல்லன்னா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் நினைச்சுப் பார்ப்பேன்.

இன்னொண்ணு. 2011 மாடல்னா ஆர்சி பதினஞ்சு வருஷக் கணக்கு என்னாச்சுனு பாருங்க. முடிஞ்சிருந்தா புதுப்பிச்ச பிறகுதான் பார்டர் தாண்டணும்.

பெரம்பூர்150:

ஆர்சி போன மாசம்தான் புதுப்பிச்சேன் அண்ணே, ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை மேல்மருவத்தூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டு சொல்றேன்.

தென்காசிக்காரன்:

அண்ணாச்சி, வாங்க வாங்க. நம்ம ஊருக்கு வர்றீயன்னு பார்த்ததும் எழுதாம இருக்க முடியல.

மொதல்ல ஒரு விசயம். மே மாசம் குற்றாலத்துல தண்ணி எதிர்பார்க்காதீய. கோடை மழை பெஞ்சா உண்டு. சீசன் ஜூன்லதான். தென்மேற்குப் பருவமழை கேரளாவுல எறங்கினதும் ஆரியங்காவுக் கணவாய் வழியா காத்து இந்தப் பக்கம் தள்ளும், அப்பதான் சாரல். தள்ளிப்போட முடிஞ்சா ஜூன் கடைசில வாங்க. அப்பாவுக்காக மே மாசந்தான்னா அதுவும் சரிதான், ரோடு காஞ்சு கெடக்கும், மலை ஏற சுகம்.

தென்காசிலேருந்து செங்கோட்டை போற வழில பிரானூர் வரும். மர அறுவை மில்லு வரிசையா நிக்கும், அறுத்த தேக்கு வாசம் ஹெல்மெட்டுக்குள்ள வரும். அந்த இடத்துக்குப் பேரே பார்டர்தான். கேரளா எல்லை இப்ப புளியரைக்கு அங்கிட்டு போயிட்டு, ஆனா பஸ்ல கண்டக்டர் இன்னும் ‘பார்டர்லாம் எறங்கு’ன்னுதான் சத்தம் போடுவாரு. 1956-க்கு முன்னால திருவிதாங்கூர் எல்லை இங்கனதான் இருந்துச்சு. எல்லை பேந்து போயி எத்தனை வருசம் ஆச்சு, பேரு மட்டும் நவரல. பரோட்டாவும் நாட்டுக்கோழியும் அங்க நின்னு தின்னுட்டுத்தான் போகணும்.

செங்கோட்டைல திருவிதாங்கூர் சங்கு முத்திரை போட்ட பழைய வாசலை அப்பாவுக்குக் காட்டுங்க. வாஞ்சிநாதன் மண்டபமும் இருக்கு, 1911 ஜூன் 17-ல மணியாச்சில கலெக்டர் ஆஷைச் சுட்டவரு நம்ம ஊர்க்காரரு.

மலை ஏறுதப்ப கவனம். புளியரை எஸ் வளைவுல வைக்கோல் லாரி ரோட்டை அடைச்சிக்கிட்டு வரும், முந்தாதீய. கோட்டைவாசல் கருப்பசாமி கோயில்ல எல்லா வண்டியும் ஒரு நிமிசம் நிக்கும், நீங்களும் நில்லுங்க. எறங்கும்போது பிரேக்கைப் பிடிச்சே வராதீய, ரெண்டாவது கியர்ல விடுங்க. ஆரியங்காவு தாண்டி கழுதுருட்டி கிட்ட ரோட்டோரமாவே பதிமூணு கண் பாலம் தெரியும். 1904-லேருந்து மீட்டர் கேஜ் ரயில் ஓடுன பாதை. அப்பா சின்னப் பிள்ளைல அதுல போயிருப்பாரு, கேட்டுப் பாருங்க.

பெரம்பூர்150:

அண்ணாச்சி, உங்க பதிலை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். பார்டர்னு வந்த இடத்துல கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னார்.

இப்ப வண்டி. இன்னைக்குக் காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பினேன். வேணும்னே எங்கயும் நிக்கல. செங்கல்பட்டு தாண்டி, படாளம் வர்றதுக்குள்ள அதே திணறல். ஓரங்கட்டினேன், உடனே மூடியைத் திறந்தேன். புஸ்ஸ்ஸுனு ஒரு இழுப்பு. லாரி போற சத்தத்துலயும் கேட்டுச்சு சார். முப்பது எண்ணிட்டு பட்டனை அமுக்கினேன், முதல் தடவையிலேயே ஸ்டார்ட். அங்கிருந்து மேல்மருவத்தூர் வரைக்கும் மூடியைப் பூட்டாம சும்மா லேசா வெச்சு ஓட்டினேன், நிக்கவே இல்ல.

வீட்டுக்கு வந்து மூடியைக் கழட்டிப் பார்த்தேன். தீபாவளிக்கு டேங்க் பெயின்ட் அடிச்சு, நானேதான் பாலிஷ் போட்டேன். அந்த பாலிஷ் ஓட்டைக்குள்ள போய் சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடக்கு. குண்டூசி முனையால தொட்டா வெள்ளையா பொடி உதிருது. ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கிடலாமா?

பழைய_கார்புரேட்டர்:

பெருசாக்காதீங்க. மழைத் தண்ணி டேங்க்குக்குள்ள போகும், மேடு பள்ளத்துல பெட்ரோலும் சிந்தும். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, தண்ணி சேர்ந்தா பிரிஞ்சு அடியில நிக்கும், அதுக்கப்புறம் டேங்க்கையே கழட்டணும். மூடியை ராத்திரி முழுக்க கொஞ்சம் பெட்ரோல்ல ஊற வெச்சு, காலைல பஞ்சர் கடையில உள்பக்கமா இருந்து காத்து அடிங்க. அடியில இருக்கிற ரப்பர் வாஷர் ஓட்டையை மூடாம உக்காருதானு பாருங்க. வீட்டுக்குள்ள, அடுப்பு பக்கத்துல வேண்டாம், மொட்டை மாடில பண்ணுங்க. அப்புறம் ஒரு தடவை திண்டிவனம் வரைக்கும் நிக்காம போய்ட்டு வாங்க. மணி சொன்ன வால்வ் கிளியரன்ஸையும் விடாதீங்க, பின்னாடி ஆள் வெச்சு மலை ஏறப் போறீங்க.

பெரம்பூர்150:

செங்கோட்டையில இருந்து எழுதுறேன். நேத்து காலைல பத்தே காலுக்கு வந்து சேர்ந்தோம். ரெண்டு நாள்ல வண்டி ஒரு தடவை கூட தானா நிக்கல. கிளம்புறதுக்கு முன்னாடி வால்வ் அளந்தப்ப எக்ஸாஸ்ட் பக்கம் டைட்டாதான் இருந்துச்சு, சரி பண்ணியாச்சு. மணி அண்ணே, நன்றி. திருச்சிலயும் ராஜபாளையத்துலயும் பெட்ரோல் போடும்போது மூடியைத் திறந்து காதை வெச்சுக் கேட்டேன், சத்தமே இல்ல.

அப்பா இன்னைக்குக் காலைல பொதிகைல இறங்கினார். ஆரியங்காவுக்கு நாளைக்குதான்னு சொன்னேன், கேக்கல. முதல்ல பிரானூர் போடானு பின்னாடி ஏறி உக்காந்துட்டார். ஒரு மர மில்லுக்கு முன்னாடி இறங்கி, ரோட்டைக் குறுக்க நடந்து அளந்து பார்த்து, இங்கதான் சாவடி இருந்துச்சுனு அவங்க அப்பா காட்டின இடம்னு ஒரு புளியமரத்தைக் காட்டினார். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மலை ஏறுறோம். அண்ணாச்சி, அந்த வைக்கோல் லாரி எல்லாம் எத்தனை மணிக்கு மேல வரும்?

தென்காசிக்காரன்:

ஆறுக்குக் கிளம்பினா அவ்வளவா இருக்காது அண்ணாச்சி. அப்பாவுக்கும் ஹெல்மெட் போட்டு விடுங்க, கேரளா பக்கம் பின்னாடி உக்கார்றவங்களையும் பார்ப்பாவ. திரும்பி எறங்குனதும் பார்டர்ல நிக்கேன், சாப்பிட்டுட்டுப் போகலாம்.