.44 மேக்னமா, .357-ஆ? அண்ணனுக்கு ரிவால்வர் தேர்வு, நடுவில் இறுகிய சிலிண்டர், இங்கே எனக்கு என்ன வழி – உதவி தேவை

மன்னை குமரன் (மன்னார்குடி)

வணக்கம். அண்ணன் டெக்சாஸில் இருக்கிறார், கிரீன் கார்டு. வாரக்கடைசியில் அட்டைக் குறியும் இரும்புத் தட்டும் சுடுவதற்கென்று பெரிய போர் (குழாய்த் துளை அளவு) ரிவால்வர் ஒன்று வாங்கப் போகிறார். வேட்டைக்கோ தற்காப்புக்கோ இல்லை. மனதில் வைத்திருப்பவை: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629 (.44 மேக்னம், 6 இன்ச்), ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் (.44 மேக்னம், 7.5 இன்ச்), ஸ்மித் 686 (.357 மேக்னம், 6 இன்ச்).

போன வாரம் ரேஞ்சில் ஒரு 629-ஐ வாடகைக்கு எடுத்து 50 ரவுண்ட் சுட்டார். முதல் 30 ரவுண்ட் .44 ஸ்பெஷல் (அதே துப்பாக்கியில் போடக்கூடிய பலம் குறைந்த தோட்டா), பிறகு 20 மேக்னம். மேக்னம் போட்ட இரண்டாவது சிலிண்டரிலேயே சுட்டு முடித்த காலி கேஸ்கள் இறுகிக்கொண்டன, அவற்றை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டித்தான் வந்தன. மூன்றாவதில் சிலிண்டர் சுழல மறுத்துவிட்டது. குண்டுகள் 15 கெஜத்தில் இடப்பக்கம் கீழே போய்க் குவிகின்றன. வலது கைக்காரர். துப்பாக்கியில் கோளாறா, ஆளிடமா?

இன்னொன்று எனக்காக. அடுத்த பொங்கலுக்கு அவர் வரும்போது ஒன்றை எனக்குக் கொண்டுவர முடியுமா? வடுவூர் பக்கம் எங்கள் நிலம் இருக்கிறது. அறுப்பு முடிந்ததும் அங்கே வைத்துச் சுடலாமா?

---

ஹூஸ்டன் திருவாரூரான்

முதலில் கோளாறு. காலிகள் இறுகியதற்குக் காரணம் அவர் சுட்ட வரிசை. .44 ஸ்பெஷல் கேஸ் மேக்னம் கேஸைவிடச் சுமார் 3 மி.மீ. குட்டை. 30 ரவுண்ட் ஸ்பெஷல் போனால் சிலிண்டர் அறைக்குள் அந்தக் கேஸ் வாய் முடியும் இடத்துக்கு முன்னால் கரியும் ஈயமுமாக ஒரு வளையம் படியும். அதன்மேல் மேக்னம் கேஸ் போய் உட்கார்ந்து, சுட்டதும் விரிந்து பிடித்துக்கொள்கிறது. .357-இல் .38 ஸ்பெஷல் சுட்டாலும் இதே கதைதான். மேக்னத்தை முதலில் சுட்டுவிட்டு ஸ்பெஷலுக்குப் போனால் இந்தத் தொல்லை வராது. இனி ஸ்பெஷல்தான் முதலில் என்றால், நடுவில் ஒவ்வொரு அறையையும் வெண்கலப் பிரஷால் தேய்க்க வேண்டும். வளையம் கெட்டியாகிவிட்டால் சால்வென்ட் தடவிப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, .45 அளவு பிரஷை .44 அறையில் திருகித் தேய்த்தால் போய்விடும்.

சிலிண்டர் சுழலாமல் நின்றது வேறு விஷயம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குழாய் குறிப்பக்கமே இருக்க, விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துவிட்டு முழுதாக 30 நொடி காத்திருக்க வேண்டும். கடைசி ரவுண்டின் சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக, 'பொட்' என்று கேட்டிருந்தால் அன்றைக்குச் சுடுவதை அங்கேயே நிறுத்த வேண்டும். மருந்து சரியாகப் பற்றாமல் குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், பாதி சிலிண்டரிலும் பாதி பேரலிலுமாக நின்றால் சிலிண்டர் பூட்டிக்கொள்ளும். அதன் பின்னால் இன்னொரு ரவுண்டைச் சுட்டால் பேரல் வீங்கும், வெடிக்கவும் செய்யும்.

சத்தம் வழக்கம்போலத்தான் இருந்தது என்றால் இந்த வரிசையில் பாருங்கள். பெரும்பாலும் முதலாவதே காரணமாக இருக்கும்: எஜெக்டர் நட்சத்திரத்துக்கு (காலிகளைப் பிடித்துத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகடு) அடியில் எரியாத மருந்துத் துகள். இரண்டே துகள் போதும், சிலிண்டர் மூடாது, மூடினாலும் உரசும். பழைய டூத் பிரஷால் தட்டிவிடலாம். காலியைத் தள்ளும்போது குழாய் நேர்மேலே பார்க்கட்டும், கம்பியை ஒரே அழுத்தில் தள்ளட்டும். குழாயைத் தரைப்பக்கம் சாய்த்துத் தள்ளினால் துகள் நட்சத்திரத்துக்கடியில்தான் விழும். அடுத்து எஜெக்டர் கம்பி கழன்று முன்னால் நீண்டிருக்கிறதா என்று பார்க்கவும். ஸ்மித்தில் அதற்கு இடப்புரி, அதனால் இறுக்குகிற திசை தலைகீழ். மூன்றாவது, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) கேஸ் அடியோடு சமமாக உட்காராமல் துருத்தியிருப்பது. வீட்டில் மறுபடி ரொப்பிய ரவுண்டுகளில் இது அதிகம். நான்காவது, சுடாத ரவுண்டில் குண்டு உதையினால் கேஸிலிருந்து முன்னால் நகர்ந்து சிலிண்டர் முகத்தைத் தாண்டி நீட்டியிருப்பது. 629 மாதிரி கனமானதில் இது அபூர்வம், எடை குறைந்த .44-களில் சாதாரணம்.

இடது கீழே போவது ஆள் கோளாறு. உதை வரப்போகிறது என்று கை முன்கூட்டியே அமுங்குகிறது. ஆறு அறையில் மூன்றில் மட்டும் ரவுண்ட் போட்டு, பார்க்காமல் சுழற்றி மூடிச் சுடச் சொல்லுங்கள். காலி அறையில் ஹேமர் (தோட்டாவை அடிக்கும் சுத்தியல்) விழும்போது முன்குறி கீழே குத்துவதை அவரே கண்ணால் காண்பார். வாடகைத் துப்பாக்கியின் பின்குறியைத் திருகித் திருத்தப் போக வேண்டாம்.

இனி தேர்வு. கணக்கு இப்படி நிற்கிறது:

.44 மேக்னம்: 240 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டு, நொடிக்குச் சுமார் 1,350 அடி, ஏறத்தாழ 1,300 ஜூல்.
.357 மேக்னம்: 158 கிரெய்ன், சுமார் 1,235 அடி, 725 ஜூல்.
.44 ஸ்பெஷல்: 246 கிரெய்ன், சுமார் 755 அடி, 420 ஜூல்.
.38 ஸ்பெஷல்: 158 கிரெய்ன், சுமார் 755 அடி, 270 ஜூல்.

மூன்று துப்பாக்கியும் 1.3 கிலோவை ஒட்டியே வருகின்றன. ஆகவே கைக்கு வருகிற உதையைத் தீர்மானிப்பது ரவுண்ட்தான். ஒரு மதியம் 100 ரவுண்ட் சுட ஆசைப்படுகிறவர் முழு மேக்னத்தில் 30 தாண்டுவதற்குள் சுருங்கிப்போவார், 31-ஆவதிலிருந்து அவர் பழகுவது கண்ணை மூடிக்கொள்வதைத்தான். என் தீர்ப்பு: தோட்டாவைக் கடையிலேயே வாங்கப் போகிறார் என்றால் 686. .38 ஸ்பெஷல் எங்கும் கிடைக்கும், .44 ஸ்பெஷல் அதைவிட விலை கூட, எல்லாக் கடையிலும் இருக்காது. வீட்டில் காலியைப் பொறுக்கி மறுபடி ரொப்புகிற பொறுமை இருந்தால் 629-ஐத் தாராளமாக எடுக்கலாம். மேக்னம் கேஸிலேயே மிதமான அளவு மருந்து போட்டுக்கொள்ளலாம், வளையத் தொல்லையும் வராது. அளவை அச்சிட்ட ரீலோடிங் கையேட்டிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும்.

சூப்பர் பிளாக்ஹாக் அசுர பலம். ஆனால் சிங்கிள் ஆக்‌ஷன், ஒவ்வொரு தடவையும் ஹேமரைக் கையால் இழுக்க வேண்டும், பக்கவாட்டுக் கதவு வழியே ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். வழக்கமான கைப்பிடி உதையில் உள்ளங்கைக்குள் மேல்நோக்கி உருளும். அதன் ட்ரிகர் கார்டின் பின்பக்கம் சதுரமாக இருக்கும், அது நடுவிரல் முட்டியில் வந்து அடிக்கும். ரூகரே விரும்பினால் பிஸ்லி கைப்பிடி உள்ளதையோ, ட்ரிகரை இழுத்தாலே போதுகிற டபுள் ஆக்‌ஷனான ரெட்ஹாக்கையோ பிடித்துப் பார்க்கட்டும்.

.500 ஸ்மித் பக்கம் யாராவது இழுத்தால் போக வேண்டாம். 2003-இல் வேட்டையை மனதில் வைத்து வந்த சாமான் அது, அட்டை சுட அல்ல.

இரும்புத் தட்டு ஏ.ஆர்.500 என்ற கடினமான எஃகு ரகம், முகம் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்து தொங்க வேண்டும். கைத்துப்பாக்கிக்கு 10 கெஜம் என்பது அடிமட்டம், மேக்னத்துக்கு 25 கெஜம் வையுங்கள். குழி விழுந்த தட்டு சில்லைத் திருப்பி அனுப்பும், அதைத் தூக்கிப் போடுங்கள். காதுக்குள் ஃபோம் அடைப்பானும் மேலே காது மூடும் மஃப்பும், இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். .44 மேக்னம் சத்தம் 160 டெசிபெலைத் தாண்டும்.

---

ரேஞ்ச் பயிற்சியாளர், திருச்சி

குமரன் தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு. அண்ணன் கொண்டுவந்து பரிசாகக் கொடுக்க முடியாது. பயணிகள் துப்பாக்கி கொண்டுவருவது தடை. குடியிருப்பையே இந்தியாவுக்கு மாற்றிக்கொண்டு திரும்புகிறவர், அங்கே ஒரு வருஷமாவது தன் பேரில் வைத்திருந்த ஒன்றை, இங்கே உரிமம் பெற்று, அனுமதிக்கப்பட்ட போராக இருந்தால் மட்டும் கொண்டுவரலாம். பொங்கலுக்கு வந்து போகிறவருக்கு அது பொருந்தாது. விமானத்தில் பெட்டிக்குள் தவறிக் கிடக்கும் ஒரு தோட்டாகூட வழக்காகிவிடும், ரேஞ்ச் பையைத் துணிமணிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். நீங்கள் அங்கே சுற்றிப்பார்க்கும் விசாவில் போனாலும் கவனம்: வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் அந்த விசாக்காரர் துப்பாக்கியைக் கையில் எடுப்பதே அமெரிக்க மத்தியச் சட்டத்தில் குற்றம்.

நம் நாட்டில் .38, .455, 9 மி.மீ. மூன்றும் தடை செய்யப்பட்ட போர். சாதாரண ஆளுக்குக் கிடைக்கும் ரிவால்வர் பெரும்பாலும் .32 தான். கான்பூர் ஆலையின் மார்க் 3: ஆறு ரவுண்ட், 3 இன்ச் பேரல், எடை சுமார் 700 கிராம். .32 ஸ்மித் லாங் தோட்டா 98 கிரெய்ன், ஏறத்தாழ 150 ஜூல். பெரிய போரைத் தேடி வந்தவருக்கு இது ஏமாற்றமாகப் படலாம், படக்கூடாது. உலகப் போட்டிகளில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டலுக்கு விதியே .30 முதல் .38 வரைதான், மேக்னத்துக்கு அங்கே இடமில்லை. அதில் பலர் கையில் எடுப்பது இந்த .32 வாட்கட்டர்தான். தட்டையான மூக்கு அட்டையில் பஞ்சிங் மிஷின் போட்டமாதிரி வட்டமாக வெட்டும், புள்ளி எண்ண லேசு. 25 மீட்டரில் பத்துப் புள்ளி வளையம் 50 மி.மீ. அகலம். அதில் 5 நிமிஷத்துக்கு 5 குண்டு வீதம் 30 போட்டு, பிறகு அட்டை 3 நொடி மட்டும் முகம் காட்டும் சுற்றில் 30. இதில் கை நிற்கும் ஒருவர் எந்த .44-ஐ எடுத்தாலும் சுடுவார்.

வயலில் சுடுவதை மறந்துவிடுங்கள். சட்டத்தைச் சொல்லும் முன் மண்ணைச் சொல்கிறேன். நம் டெல்டா தட்டை. வடுவூரிலிருந்து கடல் வரைக்கும் குண்டைத் தாங்க ஒரு குன்று கிடையாது. வாய்க்கால் கரை இடுப்பு உயரம், அந்தப் பக்கம் சைக்கிளில் ஆள் போவது தெரியாது. சின்ன .32 குண்டே ஒரு கிலோமீட்டர் தாண்டும். சம்பா பருவத்தில் வயலெல்லாம் தண்ணீர், சாய்வாக விழும் குண்டு தண்ணீர்மேல் பட்டுத் தவளைக்கல் மாதிரி எம்பிப் போகும், எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. போதாததற்கு வடுவூர் ஏரி பறவைகள் சரணாலயம், ஆயுதத்தோடு அதற்குள் நுழைவதே வனவிலங்குச் சட்டத்தில் குற்றம். சுட்டால் ரேஞ்சில் மட்டும்.

ஆகவே வழி இது. முதலில் கிளப்பில் சேருங்கள், மன்னார்குடியிலிருந்து திருச்சி எட்டும் தூரம்தான். அங்கே ஏர் பிஸ்டல், பிறகு .22. பயிற்சிச் சான்று கையில் வந்தபிறகு உரிமத்துக்கு மனு. 21 வயது, மருத்துவச் சான்று, போலீஸ் விசாரணை அறிக்கை, கலெக்டர் ஆபீஸ். உரிமம் இப்போது 5 வருஷத்துக்கு, ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு ஆயுதம்தான் உச்சம். ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா, வருஷத்துக்கு எத்தனை என்பதும் அதில் எழுதியிருக்கும். அந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே வாரம் 100 சுடும் கனவு எதில் சாத்தியம் என்று புரிந்துவிடும்: ஏர் பிஸ்டலில்.

.177 போர், 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் பிஸ்டலுக்கு உரிமம் வேண்டாம், வாங்கும்போது அடையாளச் சான்று போதும். ரேழியிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்கோடாக இருக்கும் பழைய வீடு என்றால் 10 மீட்டர் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடும். குறியின் நடு தரையிலிருந்து 1.40 மீட்டர். கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் திறக்கும் அறைக் கதவுகளையும் தாழ் போடுங்கள்.

---

துப்பாக்கி பழுது, தஞ்சை

அண்ணன் பழைய துப்பாக்கி வாங்கினால் கடையிலேயே பார்க்க வேண்டியது. சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தபிறகு மற்றது. சிலிண்டரை மூடி முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் உணரக்கூடாது. ஹேமரை மிக மெதுவாக இழுத்தால் ஹேமர் நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்ட வேண்டும், ஆறு அறைக்கும் தனித்தனியே. இழுத்து நிறுத்திய ஹேமரைப் பெருவிரலால் முன்னால் அழுத்தினால் விழக்கூடாது. விழுந்தால் வேண்டாம். சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடைவெளி ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.10 முதல் 0.20 மி.மீ. நல்லது, 0.25-ஐத் தாண்டினால் விட்டுவிடலாம். பேரலின் பின்வாயில் டார்ச் அடித்து மயிரிழை விரிசல் பார்க்கணும். சுடும்போது ஈயச் சில் முகத்தில் தெறித்தால் அறையும் பேரலும் நேரில் இல்லை என்று அர்த்தம்.

நம்மூரில் .32 வாங்கப்போகும் தம்பிக்கு ஒரு வார்த்தை. இங்கே துப்பாக்கியைத் தின்பது ஐப்பசி கார்த்திகை ஈரம்தான். தோல் உறையில் வைத்துப் பீரோவில் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைக் குடித்து இரும்புக்கு ஊட்டும், உறை தொட்ட இடமெல்லாம் செம்புள்ளி விழும். எண்ணெய்த் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி உதவும், சமைக்கிற வாணலி வேண்டாம். மழை மாதங்களில் 15 நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்து ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லும்போதும் இதேதான். பேரலிலும் ஆறு அறையிலும் எண்ணெய் தடவி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, எண் எழுதிய ரசீது வாங்குங்கள். திரும்ப வந்ததும் பேரலில் உலர்ந்த துணி விட்டு எண்ணெயைத் துடைத்தபிறகே சுட வேண்டும். தோட்டாவுக்கு மட்டும் எண்ணெய் ஆகாது, பிரைமர் செத்துப்போகும்.

---

மன்னை குமரன்

மூவருக்கும் நன்றி. அண்ணனிடம் கேட்டேன், மந்தமான சத்தம் இல்லையாம். காலியைத் தள்ளும்போது குழாயைத் தரைப்பக்கம்தான் பிடித்திருக்கிறார். ரொப்புகிற உத்தேசம் இல்லை என்பதால் 686 என்று முடிவு. நான் ஏர் பிஸ்டலில் தொடங்குகிறேன். ரேழியில் பெல்லட்டை (ஏர் பிஸ்டலின் ஈயக் குண்டு) தாங்க என்ன வைப்பது?

---

ரேஞ்ச் பயிற்சியாளர், திருச்சி

2 மி.மீ. இரும்புத் தகட்டில் ஒரு அடிச் சதுரப் பெட்டி, உள்ளே பின்தகடு 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். முன்னால் அட்டை செருகத் தண்டவாளம். பட்டறையில் அரைநாள் வேலை. அடியில் பழைய துணி போட்டால் சத்தம் அடங்கும், ஈயமும் சிதறாது. பெட்டியைச் சுற்றிச் சுவரில் மூன்றடிக்கு மூன்றடி பிளைவுட் பலகை அடித்துவிடுங்கள், காறைச் சுவரில் பட்டால் பெல்லட் திரும்பி வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்க வேண்டாம், துணியைக் குழந்தைகள் எடுக்காத இடத்தில் கட்டிப் போடுங்கள்.