பழைய மரச் சுங்கானுக்கு அரக்கு பாலிஷா, மெழுகா?

பள்ளத்தூரான்:
காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழஞ்சாமான் கடைகளில கிடைக்கிற மலிவு மரச் சுங்கானுக்கு (புகை பிடிக்கிற பைப்புன்னே வச்சுக்கங்க) அரக்கு பாலிஷே தாராளம். பழைய லாக்கர் பூச்சைத் தின்னர் துணியால துடைச்சு எடுங்க. அப்புறம் 220, 400, 600 நம்பர் உப்புத்தாளால வரிசையா தேய்ங்க. 100 மில்லி ஸ்பிரிட்ல 10 கிராம் அரக்கு கரைச்சு, பஞ்சுப் பொட்டலத்தால மூணு கை. நம்ம பக்கத்து வீட்டு நிலை, கதவெல்லாம் அதுலதானே மின்னுது?

கண்டனூர் தச்சன்:
கதவுக்குள்ள யாரும் நெருப்பு போடுறதில்லையே அண்ணே! அரக்கு 75 டிகிரி வாக்கில இளகிடும்.

பள்ளத்தூரான்:
புகையிலை போடுற கிண்ணத்தோட வெளிச்சுவர் 75 வராது தம்பி. வந்தா கையில பிடிக்கவே முடியாது.

கண்டனூர் தச்சன்:
சுவரை விடுங்க, விளிம்பைப் பாருங்க. தீக்குச்சிச் சுடர் நேரா படுற இடம். முதல்ல கொப்புளிக்கும், அப்புறம் உரியும். ஈரம் பட்ட இடம் வெளுத்தும் போகும். கார்னூபா மெழுகு (ஒரு வகைப் பனை ஓலையில எடுக்கிற கெட்டி மெழுகு) போடுங்க, அது 82 டிகிரிக்கு மேலதான் உருகும். ஆனா கையால தேய்ச்சா ஏறாது. டிரில்லுல துணிச்சக்கரம் மாட்டி, சுத்துறப்பவே மெழுகுக் கட்டியை லேசா தொட்டு எடுத்துட்டு, சுங்கானை நகர்த்திக்கிட்டே காட்டணும். ஒரே இடத்துல நிறுத்தினா கோடு கோடா திரளும். கார் மெழுகு வேணாம், அதுல சிலிக்கோன் கலந்திருக்கும்.

புதுவயல்:
கார்னூபாவுக்கு எங்க போறது? தேன்மெழுகு ஆகாதா? இன்னொண்ணு, லாக்கர் போனதும் அங்கங்க வெளுப்பா திட்டு தெரியுது.

கண்டனூர் தச்சன்:
கார்னூபா ஆன்லைன்ல கிடைக்கும். தேன்மெழுகு 62 டிகிரியிலயே உருகுது. சுங்கான் சூடேறினா பிசுபிசுத்து கை அழுக்கெல்லாம் ஒட்டும்.

திட்டு மரமில்லை, புட்டி. மரத்துல இருந்த குழியை அடைச்சு லாக்கர்ல மறைச்சிருக்காங்க. சாயம் பிடிக்காது. ஊசியால நோண்டி எடுத்துட்டு, அதே மரத்தோட தூளை அழுத்தி, மேல ஒரு சொட்டு சூப்பர் குளூ. காஞ்சதும் 400ல தேய்ங்க. கருப்புப் புள்ளியாத்தான் நிக்கும், மச்சம்னு விட்டுடலாம். அப்புறமா சாயம். தண்ணிச் சாயம் வேணாம், நார் எழும்பும். ஸ்பிரிட்ல கரையுற தோல் சாயம் நல்லது. ஈட்டி மரம்னா சாயமே தேவையில்லை, ஸ்பிரிட் பட்டா அதோட சொந்த நிறமே கசியும்.

பள்ளத்தூரான்:
மெழுகுச் சண்டை இருக்கட்டும், பாதி சுங்கான் கெடுறது உப்புத்தாள்லதான். வாய்க்குழலைக் கழட்டி வச்சுட்டு தண்டைத் தேய்ச்சா ஓரம் உருண்டுடும். திரும்பச் செருகினா மூட்டுல படி தெரியும். மாட்டினபடியே தேய்க்கணும். கழட்டுறப்ப ஆறியிருக்கணும், சூட்டுல திருகினா தண்டுக்குள்ள செருகுற முளை முறியும். அலமாரியில வைக்கிற சுங்கானுக்கு அரக்குதான், அதுல மாத்தமில்லை.

கண்டனூர் தச்சன்:
அலமாரிக்குன்னா வாதமில்லை அண்ணே. பிடிக்கிறதுக்குன்னா விளிம்புல வெறும் மரம், உள்ள ஒண்ணும் பூசக்கூடாது. உள்ள இருக்கிற கரியையும் முழுசாச் சுரண்டாதீங்க. 1 மில்லிமீட்டர் விட்டாத்தான் சுவர் கருகாது.