மைனஸ் 35 டிகிரி குளிர், காரத்தன்மையுள்ள களிமண்: எந்த பெர்ரி வைக்கலாம்?

கேள்வி:
குளிர்காலத்தில் மைனஸ் 35 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். உறைபனி மே கடைசி வரை இருக்கும், செப்டம்பர் நடுவில் திரும்பவும் வந்துவிடும். களிமண், பி.எச். (மண்ணின் அமில-கார அளவு) 7.2. நல்ல வெயில் படும் இடம், 6 மீட்டருக்கு 3 மீட்டர். ப்ளூபெர்ரியும் ராஸ்பெர்ரியும் வைக்க ஆசை. அட்டையில் "3ஆம் மண்டலம்" என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாமா?

பதில் 1:
செடி சாகாது என்பதற்குத்தான் அந்த எண். காய்க்குமா என்று அது சொல்லாது. 3ஆம் மண்டலம் என்றால் ஏறக்குறைய மைனஸ் 40 முதல் மைனஸ் 34 வரை, உங்கள் குளிர் அதற்குள் வருகிறது. ஆனால் உங்களுக்கு எமன் மே மாத உறைபனி. அதனால் என் முதல் தேர்வு ஹாஸ்கேப், நீலப் பழம் தரும் குளிர்நாட்டுப் புதர். விரிந்த பூவே மைனஸ் 7 வரை தாங்கும். களிமண்ணிலும் வரும்.

ஒரே ரகத்தில் நாலு வாங்கி ஏமாறாதீர்கள், காய் பிடிக்காது. டண்ட்ரா, போரியாலிஸ், இண்டிகோ ஆகிய ஹாஸ்கேப் ரகங்கள் மூன்றும் நெருங்கிய உறவு, ஒன்றுக்கொன்று மகரந்தம் உதவாது. கூடவே அரோரா ரகச் செடி ஒன்று வேண்டும். இடைவெளி ஒன்றரை மீட்டர். தோல் நீலமானதும் பறித்தால் புளிப்பு தாங்காது. ஒரு பழத்தை நறுக்கிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் இன்னும் விடுங்கள். அதுவரை பறவை வலை அவசியம்.

பதில் 2:
ப்ளூபெர்ரிக்கு பி.எச். 4.5 முதல் 5.2 வரை வேண்டும். 7.2இல் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருக்கும், வேரால் எடுக்க முடியாது. கந்தகம் போடலாம்தான், ஆனால் அதை அமிலமாக்குவது நுண்ணுயிர்கள். மாதக்கணக்கில் ஆகும், குளிர்ந்த மண்ணில் வேலையே நடக்காது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் போட்டதெல்லாம் வீண்.

விடாப்பிடியாக வேண்டுமென்றால் 40 செ.மீ. உயர மேட்டுப்பாத்தியில் பீட் மாஸும் (மக்கிய சதுப்புநிலப் பாசி) பைன் பட்டைத் தூளும் மட்டும் நிரப்புங்கள். உரத்துக்கு அம்மோனியம் சல்பேட். சாம்பல் கூடவே கூடாது. பாத்தியை ஒரு மீட்டருக்குக் குறையாத அகலத்தில் போடுங்கள், ஒடுங்கிய பாத்தியில் பக்கவாட்டிலிருந்தும் குளிர் ஏறி வேரைத் தாக்கும். வேருக்குத் தண்டின் தாங்குதிறன் கிடையாது. நார்த்ஸ்கை போன்ற குட்டை ரகமாகப் பாருங்கள்: பனி மூடிவிட்டால் மொட்டு பிழைக்கும், பனிக்கு மேலே நீட்டும் கிளை கருகும்.

பதில் 3:
ராஸ்பெர்ரி வாங்கும்போது ஹெரிடேஜ் போன்ற இலையுதிர்காலக் காய்ப்பு ரகம் வேண்டாம். தண்டைத் தரையோடு வெட்டிவிடுவதால் குளிர் ஒன்றும் செய்யாது, ஆனால் பழுக்கத் தொடங்கும்போதே உங்கள் உறைபனி வந்துவிடும். இரண்டாம் ஆண்டுத் தண்டில் கோடையில் காய்க்கும் பாய்ன் ரகம் எடுங்கள். காய்த்த தண்டை அறுவடை முடிந்ததும் அடியோடு வெட்டுங்கள்; அந்த ஆண்டு முளைத்த புதுத்தண்டில் கை வைத்தால் அடுத்த கோடையில் பழம் இல்லை. மீட்டருக்குப் பத்துத் தண்டு போதும்.

களிமண்ணில் நீர் தேங்கினால் வேரழுகல் நிச்சயம், 25 செ.மீ. மேடு கட்டி நடுங்கள். ஜூலைக்குப் பின் தழைச்சத்து போட்டால் தண்டு முற்றாமல் குளிரில் மாட்டும்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் ஹாஸ்கேப் மூன்று, ஓரத்தில் ஒரு வரிசை பாய்ன். ப்ளூபெர்ரி இப்போதைக்கு வேண்டாம். மூன்றில் எத்தனை அரோரா?

பதில் 1:
ஒன்று போதும். நடுவில் வையுங்கள், தேனீ இரண்டு பக்கமும் போய்வரும்.