உதவி: 88112க்குக் காசு வருகிறது, 88108 மட்டும் டினயல்

நிலா_தெஹிவளை:
அவசரம். அமெரிக்க இன்சூரன்ஸுக்கு அனுப்பும் யூரின் சைட்டோலொஜி (சிறுநீரில் செல் பரிசோதனை) கிளெய்ம்கள். 88112க்குக் காசு வருகிறது, கூடவே போட்ட 88108 மட்டும் டினயல், காசு இல்லை என்கிறார்கள். இரண்டுமே சைட்டோலொஜி வேலைக்கான பில்லிங் கோட்கள். டயக்னோசிஸ் கோட் ஆர்31.0 (கண்ணுக்குத் தெரியும்படி சிறுநீரில் இரத்தம்) சரியாகத்தான் இருக்கிறது. ஒரு கட்டே சேர்ந்துவிட்டது. ஷிப்ட் முடிவதற்குள் டீம் லீடுக்குப் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள் ப்ளீஸ்.

கொட்டாஞ்சேனைவாசி:
மெடிகெயரா (அமெரிக்க அரசின் இன்சூரன்ஸ்), தனியார் இன்சூரன்ஸா? டினயல் கோட் என்ன? கோட்டோடு சேர்க்கும் மொடிபயர் குறி ஏதும் போட்டீர்களா? இது ஒன்றும் இல்லாமல் என்னத்தைச் சொல்வது?

பழைய_பில்லர்:
26 மொடிபயர்தான் பிரச்சினை. ஆஸ்பத்திரி நோயாளி என்றால் ஸ்லைட் செய்த செலவு ஆஸ்பத்திரிக் கணக்கில் போகும், டொக்டர் வாசித்ததற்கு மட்டும் 26 போட்டு அனுப்ப வேண்டும். சைட்டோலொஜி டினயல் என்றாலே நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மழைக்குருவி:
சி.எல்.ஐ.ஏ. இலக்கத்தை, அதாவது ஆய்வுகூடத்தின் அனுமதி இலக்கத்தைப் பாருங்கள். படிவத்தில் 23ஆம் பெட்டி. அது விடுபட்டால் ஆய்வுகூடக் கிளெய்ம் நகராது.

கொட்டாஞ்சேனைவாசி:
26 என்றாலும் சி.எல்.ஐ.ஏ. என்றாலும் 88112உம் சேர்ந்தல்லவா விழுந்திருக்கும்? அதற்குத்தான் காசு வந்திருக்கிறதே.

கோட்புத்தகம்:
கையேட்டைத் திறக்காமல் இங்கே வந்து கேட்பது எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. எந்தக் கோட்களைச் சேர்த்துப் போடக்கூடாது என்று சொல்லும் மெடிகெயரின் என்.சி.சி.ஐ. கொள்கைக் கையேடு, 10ஆம் அத்தியாயம். ஒரே மாதிரியில் (ஸ்பெசிமனில்) ஒரே முடிவைத் தரும் சோதனைகளுக்கு ஒரு கூட்டத்திலிருந்து ஒரு கோட்தான். 88104 முதல் 88112 வரை ஒரு கூட்டம். இதுகூடத் தெரியாதவர்களை பத்தொலொஜி கணக்கில் உட்கார வைக்கிறார்களா?

நிலா_தெஹிவளை:
மெடிகெயர். டினயல் கோட் 97, வேறொரு வேலைக்குக் கொடுத்த காசிலேயே இதுவும் அடக்கமாம். மொடிபயர் இல்லை. 59 போட்டால் போகுமா?

பழைய_பில்லர்:
போகும். போட்டுவிடு தங்கச்சி.

ஆய்வுகூடத்துக்காரி:
போடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நான் பில்லிங் இல்லை, பொரளைப் பக்கம் ஒரு சைட்டோலொஜி ஆய்வுகூடத்தில் வேலை. 88108 என்பது சைட்டோஸ்பின் மாதிரியான செறிவூட்டும் முறை. சிறுநீரைச் சுழற்றினால் செல்கள் ஸ்லைடில் சின்ன வட்டமாக வந்து படியும். 88112 திரவ முறை, செல்களைப் பாதுகாப்புத் திரவத்தில் போட்டு வடித்து மெல்லிய படலமாக எடுப்போம். ஒரே போத்தலிலிருந்து இரண்டு விதமாகவும் ஸ்லைட் செய்யலாம், சந்தேகமான கேஸ்களில் செய்வதும் உண்டு. ஆனாலும் மாதிரி ஒன்று, முடிவும் ஒன்று. அதற்கு ஒரு கோட்தான். சிறுநீர்ப்பை கழுவிய நீர் ஒரு போத்தல், இடது சிறுநீர்க்குழாயிலிருந்து எடுத்தது இன்னொரு போத்தல் என்றால் கதை வேறு. ரிப்போட்டின் மேல்பக்கத்தில் ஏ, பி என்று பிரித்து எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்தீர்களா?

பழைய_பில்லர்:
கட்டு கட்டாக வரும்போது ஒவ்வொரு ரிப்போட்டையும் திறந்து பார்க்க யாருக்கு நேரம்? அங்கே பின்னேரம், இங்கே விடியப்புறம். டார்கெட்டை யார் முடிப்பது?

கோட்புத்தகம்:
59 என்பது இது வேறு மாதிரி என்று கையெழுத்து வைப்பதற்குச் சமம். ரிப்போட்டில் இல்லாததை எழுதினால் அது பொய்க் கிளெய்ம். 2015இல் இன்னும் குறிப்பாகச் சொல்லும் எக்ஸ்.எஸ்., எக்ஸ்.யு. மொடிபயர்களை எல்லாம் கொண்டுவந்ததே 59ஐ இப்படி வாரி இறைத்ததால்தான்.

பழைய_பில்லர்:
சட்டப் பொறுப்பு டொக்டருக்கு. கொழும்பில் இருக்கும் எங்களுக்கு இல்லை.

மழைக்குருவி:
அப்படிச் சொல்லாதீர்கள் அண்ணா. தணிக்கை வந்தால் கணக்கே கையைவிட்டுப் போகும், வேலை போவது எங்களுக்குத்தான். கோடிங் சான்றிதழ் பரீட்சையில் இதை முக்கியமாகக் கேட்பார்கள்.

பழைய_பில்லர்:
டொலரில் பரீட்சைக் காசு கட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். சான்றிதழ் இல்லாமல்தான் இத்தனை வருடமும் வேலை செய்கிறேன்.

கொட்டாஞ்சேனைவாசி:
பரீட்சைச் சண்டை வேறு இடத்தில். நிலா, ஒரே ஸ்பெசிமன் என்றால் 88108 காசைத் தள்ளுபடியாக எழுதிவிடுங்கள். நோயாளிக்கு பில் அனுப்ப வேண்டாம், என்.சி.சி.ஐ. டினயலுக்கு ஏ.பி.என்., அதாவது மெடிகெயர் கொடுக்காவிட்டால் நானே கட்டுகிறேன் என்ற பத்திரத்தில், நோயாளியின் கையெழுத்து இருந்தாலும் அனுப்ப முடியாது. இரண்டு மாதிரி என்றால் 59 அல்லது எக்ஸ்.எஸ். போட்டு, ரிப்போட்டையும் கையில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

நிலா_தெஹிவளை:
ரிப்போட்களை எடுத்தேன். அநேகமானது ஒரே போத்தல். சிலதில் மட்டும் ஏ, பி இருக்கிறது, அவற்றை எக்ஸ்.எஸ். உடன் அனுப்பினேன். நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி.

மழைக்குருவி:
அதே மாதிரியில் செல் பிளொக்கும் செய்து அதற்கு 88305 கோட் போட்டிருந்தால்? எனக்கு அப்படி ஒன்று இருக்கிறது.

ஆய்வுகூடத்துக்காரி:
செல் பிளொக் தனி வேலை, மெழுகில் பதித்து வெட்டுவது. ரிப்போட்டில் அதைத் தனியாக எழுதியிருக்கிறார்களா?